கவரிங் தாலி

அப்பா இறந்து ஒரு வருடம் கழித்து, அம்மா நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். எங்கள் ஊர் சுசீந்திரத்தில் பஸ் ஏறும்போது வெறுங்கழுத்து. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கழுத்தில் தாலிச் சங்கிலி, நெற்றியில் குங்குமம். பள்ளிக்கூடச் செருப்பு வாங்க என்னைக் கூட்டிப்போன அன்றுதான் அதைப் பார்த்தேன்.

பயந்துபோய்க் கேட்டேன். “கவரிங்தான் மக்கா” என்றாள். “இது கெடந்தா, கேக்க ஆளிருக்குன்னு நெனச்சு ஒதுங்கிருவானுவ. இல்லேன்னா பொறத்தாலயே வாரானுவ.”

உயிரோடு இருந்தபோது அப்பா ஒரு நாளும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அம்மாவைக் கூட்டிப்போனதில்லை. அவரால் அவளுக்குக் கிடைத்த காவலெல்லாம் அவர் போன பிறகு கிடைத்ததுதான். அதுவும் கவரிங்கில்.

ஒரு நாள் சித்தப்பா வடசேரியில் அவளைப் பார்த்துவிட்டார். அங்கேயே கேட்டிருக்கலாம். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அவள் வேலை முடிந்து வரும்வரை வாசலில் நின்றார்.

“எங்கண்ணன் செத்து ரெண்டு வருசம் ஆவல்ல மைனி. இது எவன் கெட்டுனது?”

அம்மா பையிலிருந்து சங்கிலியை எடுத்து அவர் கையில் வைத்தாள். “நீங்க தெனமும் கூட்ட வருவியளா தம்பி? வந்தா இதத் தூரப் போட்டுருவேன்.”

சித்தப்பா திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். கூட்டிவர ஒரு நாளும் வரவில்லை. அவர் போனதும் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். “நான் ஒங்கப்பாவ மறந்துட்டேன்னு நெனச்சிட்டாரே” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இப்போது நானும் நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒருவன் தினமும் பின்னால் வர ஆரம்பித்தான். நான் நின்றால் அவனும் நிற்பான். போனில் யாரிடமோ பேசுவதுபோல் நடித்தும் பார்த்தேன், பலிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். எனக்குச் சோறு இறங்காததைப் பார்த்து அவளே விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

மறுநாள் காலை என்னோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். ஊர்க்காரர்கள் நிற்கும் இடம். அவள் யாரையும் பார்க்கவில்லை. சங்கிலியை எடுத்தாள்.

“கெட்டாத பிள்ளைக்கு இதப் போடக்கூடாதுன்னு தெரியும் மக்கா. வேற என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல்ல.”

கல்யாண வீடுகளில் தாலி கட்டும் நேரம் அம்மா தானாகவே பின்னால் போய் நின்றுகொள்வாள். அவள் கை படக் கூடாது என்பார்கள். அந்தக் கைதான் என் கழுத்துக்குப் பின்னால் கொக்கியை மாட்டியது. முதல் தடவை கொக்கி தவறியது. எனக்கு அழுகை வந்தது. பஸ் வந்துவிட்டதால் ஏறிக்கொண்டேன்.

சாயங்காலம் அவன் என் கழுத்தைப் பார்த்தான். திரும்பிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சங்கிலியை வாங்கித் துடைத்து, நாளைக்கும் வேண்டும் என்று என் பைக்குள் வைத்தாள்.