அவர் முடியை நான் நேர்ந்துகொண்டேன்

எங்கள் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வெளியே நின்றபடி முருகனிடம் வேண்டிக்கொண்டேன்: "புள்ளைய வீட்டுக்கு அனுப்பிடு சாமி. அப்பனும் பொண்ணுமா வந்து உனக்கு மொட்டை போடுவாங்க." அப்பனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பக்கம் யாரும் கேட்பதில்லை. அடுத்தவர் முடியை நேர்ந்துகொள்வதில் எங்களுக்கு அப்படியொரு தாராள மனசு.

சிக்கல் என்னவென்றால், என் கணவர் பௌத்தர். தட்டாஞ்சாவடி கம்பெனியில் கூட வேலை செய்யும் நண்பரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தியானத்துக்குப் போய்ப் போய், கல்யாணத்துக்கு முன்பே அப்படி ஆகியிருந்தார். மூலக்குளத்து வாடகை வீட்டுக்குக் குடிவந்த புதிதில், அவருடைய புத்தர் சிலைக்கு நான் விபூதி பூசி, குங்குமம் வைத்து, தேங்காயும் உடைத்துவிட்டேன்.

"அவரு சாமி இல்லம்மா. நம்மள மாதிரி மனுஷன்தான். துக்கத்துலேந்து வெளிய வர வழி சொன்னவரு," என்றார்.

"கேட்டா இன்னா குடுப்பாரு?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாரு. நாமதான் நடக்கணும்."

ஒன்றும் தராதவருக்கு எதற்கு அலமாரியில் இடம் என்று எனக்குத் தோன்றியது. என் சாமி அப்படியில்லை. கூப்பிட்டால் காது கொடுப்பார். தாமதமானால் நான் திட்டுவேன், அதையும் கேட்டுக்கொள்வார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பாப்பா நல்லா இருக்கட்டும், இங்க இருக்குற எல்லாப் புள்ளைங்களும் நல்லா இருக்கட்டும்னு நெனைக்கிறேன்."

"யார்கிட்ட கேக்குறீங்க?"

"யார்கிட்டயும் கேக்கல."

விலாசம் எழுதாமல் கடிதத்தைப் பெட்டியில் போடுகிறாரே என்று ஆத்திரமாக வந்தது. ஆனால், அடுத்த கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பிள்ளை எனக்கு நினைப்பிலேயே இல்லை என்பதும் கொஞ்சம் உறுத்தியது.

பிள்ளை வீட்டுக்கு வந்தாள். முருகன் கொடுத்தான் என்றேன் நான். டாக்டர், நர்ஸ், தாய்ப்பால், இத்தனையும் சேர்ந்து காப்பாற்றியது என்றார் அவர். அந்தச் சந்தோஷத்தில் யாரும் சண்டை போடவில்லை. சண்டை வந்தது, முதல் பிறந்தநாள் நெருங்கி நான் வேண்டுதலைச் சொன்னபோதுதான்.

"பாப்பாவுக்குப் போடு. என்னை எதுக்கு மாட்டிவுட்ட? முடிய வாங்கிக்கிட்டு உசுரக் குடுக்குறவரு ஒரு கடவுளா?"

"எதுலயும் பற்று கூடாதுன்னு சொல்றவரு, அந்த முடிய மட்டும் ஏன் இப்படிப் புடிச்சிக்கிட்டு இருக்கீங்க?"

அவர் முடி அப்படி. தினமும் சீவிவிட்டு, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்ப மாட்டார். நான் சொன்னது குத்தியிருக்கும்போல. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்றார் டாக்டர். நானோ, நேர்ந்ததைச் செலுத்தாததால்தான் இப்படி ஆகிறது, கொடுத்தவன் திரும்ப எடுத்துக்கொள்வான் என்று அழுதேன். புத்தரையும் தத்துவத்தையும் இழுப்பார் என்று காத்திருந்தேன். அவரோ வெகுநேரம் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் மொட்டை போட்டா உன் பயம் போவுமா?"

"போவும்."

"அப்ப வரேன். சாமிக்கு இல்ல. உன் பயம் போறதுக்கு."

காய்ச்சல் விட்டதும் மலைக்கோயிலுக்குப் போனோம். கூட வந்த என் தம்பி மடியில் உட்கார்ந்து பிள்ளை ஊரைக் கூட்டினாள். பக்கத்தில் இவர் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். முடி கொத்துக் கொத்தாக விழுந்தபோது எனக்கே மனசு கேட்கவில்லை. போதும் நிறுத்துங்கள் என்று வாய்வரை வந்துவிட்டது.

சந்தனம் பூசிக்கொண்டு சன்னிதிக்குப் போனோம். அவர் வாசலோடு நின்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன். உள்ளே வந்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "இன்னாங்க, கடவுளே இல்லன்றவரு கும்புட்டீங்க?"

"அவரு உன் வீட்டு ஆளு. ஆஸ்பத்திரில நான் ஒண்ணும் சொல்லத் தெரியாம உக்காந்திருந்தப்ப, உனக்குத் துணையா இருந்தவரு. நேர்ல பாத்துட்டு ஒரு கும்புடு போடாம வந்தா நல்லாவா இருக்கும்?"

இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டியாக இருப்பதில் அன்றைக்குப் பட்ட பெருமைக்கு அளவில்லை. பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் மட்டும் திரும்பவும் உள்ளே போனேன். கண்ணை மூடி நின்றேன். எதையும் கேட்காமல் வந்தேன்.