மடிப்புக் கூடத்து ஆங்கிலம்

அடிப்பதற்கு முன் அம்மா மோதிரத்தைக் கழற்றிப் பல்லிடுக்கில் கவ்விக்கொள்வாள். மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். வலது கை நடுவிரலில் கிடந்த அந்த மெல்லிய மோதிரம் தன் கன்னத்தைக் கிழித்துவிடக் கூடாது என்ற கரிசனம் அது என்று ஒரு வயதில் நம்பினாள். மோதிரம் நெளிந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம் என்று இன்னொரு வயதில் தோன்றியது. எது என்று கேட்கும் தைரியம் கடைசிவரை வரவில்லை. மற்ற வீடுகளில் அடியும் வசவும் சேர்ந்தே வரும். வாயில் மோதிரம் இருந்ததால் இந்த வீட்டில் அடி ஊமையாக வந்தது.

அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. பதினாறு வயதில் உள்ளே போனவள். முதலில் அழுக்குத் துணி பிரிக்கும் இடம். ரத்தம் தோய்ந்தது தனி, மற்றது தனி என்று கையால் பிரித்துப் போட வேண்டும். யாரோ மறந்து விட்டுப்போன ஊசி துணிக்குள்ளிருந்து விரலில் ஏறும். அங்கிருந்து துவைக்கிற மெஷின், பிழிகிற மெஷின், உருளை இஸ்திரி என்று ஒவ்வொன்றாகத் தாண்டி மடிப்பு மேஜைக்கு வந்து சேர இருபது வருஷம் ஆனது. படுக்கை விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிப்பார்கள். அம்மா தன் முனையைப் பிடித்துச் சுண்டினால் படாரென்று கூடமே திரும்பிப் பார்க்கும். அதனால் பட்டாசு என்று பெயர். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயருக்கு வேலை இருக்கவில்லை.

அவள் புருஷன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். ஆறு வருஷம் அவளைப் போட்டு மிதித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயடியில் அவள் விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்து மயிரைக் கொத்தாகப் பற்றினான். முறுக்கிப் பிழிந்த ஈர விரிப்பு உலக்கைக்குச் சமம். முதல் வீச்சில் தாடை, இரண்டாவதில் முழங்கால். மூன்றாவதற்கு அவன் அங்கே இல்லை. நொண்டிக்கொண்டே தெருவைக் கடந்தவன் திரும்பி வரவும் இல்லை. கதவிடுக்கில் நின்று பார்த்த ஐந்து வயது மகள் கைதட்டினாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது. அடிக்கு நடுங்கிய பிள்ளை அடியைப் பார்த்துக் கைதட்டியது எந்த நியாயத்தில் சேரும்?

பள்ளி இறுதித் தேர்வில் மகள் ஆங்கிலத்தில் தவறினாள். மற்ற பாடங்கள் தேறிவிட்டன. ஆங்கிலத்திலும் எழுத்துத் தேர்வு எப்படியோ கரையேறிவிட்டது. பேச்சுத் தேர்வுதான் காலை வாரியது. தேர்வாளர் கேட்ட முதல் கேள்விக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுதேர்வுக்கு மூன்று மாதம். அதுவும் போனால் படிப்புக்கு முழுக்கு. சலவைக் கூடத்தில் அழுக்குத் துணி பிரிக்கிற இடம் காலியாக இருந்தது.

"உன் பொண்ணுக்குன்னா பிடிச்சு வைக்கிறேன் பட்டாசு," என்றார் சூப்பர்வைசர்.

அவர் உதவியாகத்தான் சொன்னார். அம்மாவின் காதில் அது சாபமாக விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் வலது கையை மகளின் முகத்துக்கு நேராக விரித்தாள். உள்ளங்கை முழுக்க ஊசி ஏறிய கரும்புள்ளிகள்.

"இந்தக் கை வேணுமா உனக்கு?"

"வேணாம்மா."

"அப்ப பேசு. வாய்ல என்ன, பூட்டா போட்டிருக்கு?"

அந்த நேரம் பார்த்து அம்மாவோடு ஜோடி மடிக்கிறவள் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். மாலையில் மகள் அந்த இடத்தில் நின்றால் சூப்பர்வைசர் கண்டுகொள்ள மாட்டார் என்று ஏற்பாடானது. மாதிரித் தாளில் இருந்த நாற்பது கேள்விகளையும் மகள் தமிழ் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தாள். அம்மா அதை மேஜை விளிம்பில் ஒட்டிவைத்தாள்.

விரிப்பு மடிப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, விலகி நின்று, இழுத்துச் சுண்டி, பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். கிட்டே வந்ததும் மகள் தன் முனையை அம்மாவிடம் சேர்ப்பாள். அம்மா எல்லா மூலைகளையும் இடது கையில் வாங்குவாள். அந்த நொடியில் வலது கை சும்மா இருக்கும்.

"வாட் டூ யூ டூ இன் யுவர் ஃப்ரீ டைம்?" விரிப்பு விரியும்போது அம்மா கேட்பாள். மடித்து முடித்து எதிரெதிரே வந்து நிற்பதற்குள் பதில் முழுதாக வந்துவிட வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சரியா தப்பா என்று பார்க்க அவளுக்கு வழியில்லை. பேச்சு நடுவில் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். நின்றால் மோதிரம் பல்லுக்குப் போகும்.

சூடான துணியின் ஆவியும் மெஷின் இரைச்சலும் சேர்ந்த அந்தக் கூடத்தில் அடி விழும் சத்தம் யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை. விரிப்பு சுண்டும் சத்தத்தோடு கலந்துவிட்டது. உலர்த்தும் மெஷின் பார்க்கிறவர் மட்டும் தினமும் மகளிடம் கணக்குக் கேட்பார்.

"ஏ நமத்துப்போன பட்டாசு, இன்னைக்கு எத்தனை?"

"பதினொண்ணு, மாமா."

"நேத்து பதினாலு. பரவாயில்லடி, இங்கிலீஷ் ஏறுது!"

கூடமே சிரித்தது. மகளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது?

மூன்றாவது வாரத்தில் ஒரு தந்திரம் பிடிபட்டது. வார்த்தை கிடைக்காத இடத்தில் வாய்க்கு வந்ததை ஆங்கிலம் போலவே உருட்டிவிட்டால் போதும், அம்மாவுக்குத் தெரியாது. இரண்டு நாள் ஓர் அடிகூட இல்லை. மூன்றாம் நாள் ஏழாவது கேள்விக்கு உருட்டிக்கொண்டே கிட்டே வந்தவளின் வாயோடு சேர்த்து அடி விழுந்தது. கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. மோதிரத்தைத் துப்பிக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னாள்:

"போன வாரம் இதுக்கு வேற பதில் சொன்ன. இடையில ரிவர்னு வரும், அப்புறம் மை பிரதர்னு வரும். எங்க அது?"

மகளுக்கு உதட்டு வலியைவிட அதுதான் உறைத்தது. நாற்பது பதில்களையும் அர்த்தம் தெரியாமல், ஓசையாகவே அம்மா மனப்பாடம் செய்திருந்தாள். இதற்குள் மகளின் உதட்டிலிருந்து இரண்டு சொட்டு மடித்த விரிப்பின் மேல் விழுந்துவிட்டது. அம்மா முதலில் விரிப்பைத்தான் பார்த்தாள்.

"அதைத் தனியா போடு. ரத்தம் பட்டது," என்றாள்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. தேர்வு வந்தபோது மகளால் நாற்பதில் எதைக் கேட்டாலும் மூச்சு விடாமல் பேச முடிந்தது.

ஆனால் இந்த முறை தேர்வின் விதத்தை மாற்றியிருந்தார்கள். தேர்வாளர் கேள்வி கேட்க மாட்டார். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு படத்தைக் கொடுத்து, அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசச் சொன்னார்கள். வரிசை எண்படி மகளுக்கு ஜோடியாக வந்தவள் ஒரு தையல்காரரின் பெண். அப்பா கடையில் பொத்தான் தைத்துத் தைத்து, பள்ளியில் அவளுக்குப் பொத்தான் என்றே பெயர். தமிழிலேயே நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை.

படம் ஒரு ரயில் நிலையம். மகள் மடமடவென்று பேசினாள். கூட்டம், பெட்டி, கடிகாரம், அழுகிற குழந்தை. தேர்வாளர் அம்மாள் குனிந்து எழுதிக்கொண்டே தலையாட்டினாள். பிறகு பொத்தானின் முறை. அவள் வாய் திறந்தாள். "தி ட்ரெயின்" என்றாள். நின்றாள். "தி ட்ரெயின் இஸ்" என்றாள். மறுபடி நின்றாள்.

அறைக்குள் எந்தச் சத்தமும் இல்லை. இரண்டு பெண்களுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இடைவெளி. மகளுக்குக் காது இரைந்தது. நிற்கிறதே, நிற்கிறதே என்று மனதில் ஓடியது. படாரென்று ஒரு சத்தம். தன் வலது உள்ளங்கை எரிவதை உணர்ந்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. பொத்தானின் கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தன.

தேர்வாளர் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "என்ன சத்தம்? யாரு அடிச்சது?"

தேர்வை நிறுத்தி இருவரையும் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பினாள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தேர்வு அறையில் கைகலப்பு என்றால் மூன்று வருஷத் தடை. தேர்வாளர் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் அடிபட்டவள் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்தான் எல்லாம். சலவைக் கூடத்துக்கும் தையல் கடைக்கும் ஃபோன் போனது. மகள் பொத்தானிடம், "தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிரு, நிஜமாவே தெரியாம," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பொத்தான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார். "எம் பொண்ணு மேல நான்கூடக் கை வச்சதில்ல சார். எழுதுறா. கண்டிப்பா எழுதுறா."

அடுத்து அம்மா வந்தாள். ஈரமான ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. நடந்ததைத் தலைமையாசிரியர் சொல்லக் கேட்டாள். மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எதுவும் விழவில்லை. திறந்து பார்த்தபோது அம்மா பொத்தானின் முன்னால் முட்டி போட்டிருந்தாள்.

"கண்ணு, உன்னை அடிச்சது இவ இல்ல. இந்தக் கை," என்று தன் வலது கையைக் காட்டினாள். "மூணு மாசமா இவ மேல நான் போட்டது இடம் மாறி உன் மேல விழுந்துடுச்சு. எழுதுறதுன்னா எழுது. ஆனா முதல்ல இதைத் திருப்பிக் குடு. பலமா குடு. பயப்படாத, எனக்குப் பழக்கம்தான்."

கன்னத்தைக் காட்டினாள். தையல்காரர் நாடாவைச் சுருட்டினார், விரித்தார். பொத்தான் அம்மாவின் கன்னத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"இப்ப வேணாம்," என்றாள் கடைசியில். "எனக்கு வேணும்னு தோணும்போது வாங்கிக்கறேன்."

"சரி. கடனா வச்சுக்கறேன்," என்றாள் அம்மா.

பொத்தான் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினாள். "கொசு சார். நானே அடிச்சுக்கிட்டேன்."

"இவ்ளோ பெரிய கொசுவா?" என்றார் அவர். ஆனால் அப்படியே எழுதிக்கொண்டார்.

அன்று மதியமே மறுபடி உட்காரவைத்தார்கள். மகள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பொத்தான் நின்ற இடத்திலெல்லாம் அவளும் பேசாமல் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புக்கு மதிப்பெண் உண்டா இல்லையா, தெரியாது. இருவருமே தேறினார்கள். மகள் தேறத் தேவையானதைவிட மூன்றே மதிப்பெண் கூடுதலாக எடுத்துத் தப்பித்தாள்.

இதோடு அம்மா மாறிவிட்டாள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். தேர்வு முடிந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் கொடியில் கிடந்த ஈரத் துண்டை முறுக்கினாள். "ஊரான் முன்னாடி என்னை முட்டி போட வச்சுட்டியேடி!" முதுகில் இரண்டு, தோளில் ஒன்று. அன்றைக்கு மோதிரமும் கழற்றவில்லை, வாயும் மூடவில்லை. நாலாவது வீச்சில் மகள் துண்டின் மறுமுனையைப் பிடித்துவிட்டாள். இழுத்தாள். அம்மாவும் இழுத்தாள். இருவர் கையிலும் மடிப்பு மேஜை வளர்த்த பலம். இரண்டு பேரும் விறைத்து நின்றார்கள்; ஒருவரும் கிட்டே வரவில்லை. கடைசியில் அம்மா தன் முனையை விட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அதற்குப் பிறகு அவள் அடிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

மகள் கல்லூரிக்குப் போனாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் ஆனாள். பொத்தான் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டருக்கு வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா வரிசையில் நிற்பாள். முறை வந்ததும் கம்பிக்குப் பக்கத்தில் கன்னத்தைக் கொண்டுபோவாள்.

"இன்னைக்காவது குடுத்துரு கண்ணு. எனக்கும் வயசாகுது."

"இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி ஆன்ட்டி. அடுத்த தடவை பார்க்கலாம்."

"ஏம்மா, டிக்கெட் வாங்கறியா இல்லையா?" என்று பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள்.

மகள் வெளியூரில் முதல் வேலையில் சேர்ந்த நாலாம் மாதம், சலவைக் கூடத்துச் சரிவுப் பாதையில் ஈரத்துணி ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று பிரேக் நழுவி இறங்கியது. கீழே, முதுகைக் காட்டி நின்றிருந்த அம்மாவைச் சுவரோடு வைத்து நசுக்கியது. முன்னூறு கிலோ என்றார்கள். விலா எலும்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூடுவதற்கு, அவள் மடித்த விரிப்பு ஒன்றையே உலர்த்தும் மெஷின்காரர் எடுத்து வந்தார்.

பொத்தான் வந்தாள். சீருடையோடு சற்று நேரம் அம்மாவின் தலைமாட்டில் நின்றாள். அழவில்லை. வாசலுக்கு வந்தவளிடம் மகள் சொன்னாள்:

"அம்மா பட்ட கடன். என் கன்னத்துல வாங்கிக்கோ."

"உன்கிட்ட எனக்கு எதுவும் வர வேண்டியதில்ல. நீ அன்னைக்கே மன்னிப்பு கேட்டுட்ட."

"அம்மாவை என்னைக்காவது அடிச்சிருப்பியா?"

"தெரியல. நிறைய தடவை கை வரைக்கும் வந்துச்சு." பொத்தான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "என் முன்னாடி வேற யாரும் அப்படி வந்து நின்னதில்ல. அடிச்சுட்டா வர்றதை நிறுத்திடுவாங்களோன்னு இருந்துச்சு."

அம்மா எத்தனை முறை அந்த வரிசையில் நின்றிருப்பாள் என்று மகள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். பத்துக்குக் குறையாது. வீட்டில் இருந்ததோ இரண்டே அறைகள்; அங்கே மகளிடம் ஒரு தடவைகூட அம்மா கன்னத்தைக் கொண்டுவந்ததில்லை.

"உனக்கு எவ்ளோ பாக்கி வச்சிருக்காங்க?" என்று பொத்தான் கேட்டாள்.

"எனக்குக் கடன்பட்டிருக்கேன்னு அம்மா ஒத்துக்கவே இல்லையே."

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாற வேண்டும் என்று பொத்தான் கிளம்பினாள். அவளுக்கு வர வேண்டிய அந்த ஓர் அடி அப்படியே நிற்கிறது.