மேடே இல்லாத ஊரிலிருந்து குடும்பிமலைக்கு ஒரு பரீட்சை ஏற்றம்

நேபாளத்தில் அன்னபூர்ணா மலையின் அடிவார முகாம் வரை நடந்து போவதென்று நானும் றிஹானாவும் முடிவெடுத்துப் பல மாதங்களாகின்றன. நான் தன்னாமுனை, அவள் ஏறாவூர். இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். அவளுடைய உம்மா சொன்னது ஒன்றுதான்: "வசந்தியும் வந்தா போ. தனிய விடமாட்டன்." ஆக, என்னால் ஏலாமற்போனால் அவளும் போக முடியாது. காசு கட்டுமுன் ஒரு மலையாவது ஏறிப் பார்ப்போம் என்றுதான் போன மாசியில் குடும்பிமலைக்குப் போனோம்.

மலைக்குப் பயிற்சி எடுக்க மட்டக்களப்பைவிட மோசமான இடம் உலகத்திலேயே இல்லை. எங்களுக்கு ஏற்றமென்றால் கல்லடிப் பாலம்தான். அதை ஏற்றம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதனால் வாவியில் இறங்கினோம். கிழமையில் நான்கு காலை, முழங்காலளவு தண்ணீரில், முதுகுப்பையில் அரிசியைக் கட்டிக்கொண்டு நடை. ஐந்து கிலோவில் தொடங்கிப் பத்துக்கு ஏற்றினோம். சேற்றில் காலை இழுத்து இழுத்து நடந்து பாருங்கள், தொடை எரியும். (முதலை நடமாட்டத்தைக் கரையில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.) பின்னேரங்களில் பாடசாலை மாடிப்படியில் ஏறி இறங்கினோம். "என்ன டீச்சர், என்னத்தத் தொலைச்சிட்டீங்க?" என்று பிள்ளைகள் கேட்டுச் சிரித்தார்கள்.

காலை ஐந்து மணிக்கு ஆட்டோ. போய்வர, காத்து நிற்க எல்லாமாக எண்ணாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஏறாவூரில் றிஹானாவை ஏற்றிக்கொண்டு கிரானில் மேற்கே திரும்பினோம். அங்கிருந்து இருபது கிலோமீற்றருக்கு மேல். இரு பக்கமும் வயல் வட்டை, அறுவடை நடந்துகொண்டிருந்தது. பிறகு காடு. சாரதி சிவம் அண்ணன் ஆனைப் பிண்டத்தைக் காட்டி, "இது இண்டைக்குப் போட்டது தங்கச்சி" என்றார், ஏதோ பேப்பர் வந்துவிட்டது என்பது போல.

மலையடியில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தோம். காட்டுப் பாதையில் என் மூச்சு இளைக்கவேயில்லை. வாவிச் சேறு வேலை செய்திருக்கிறது! பெருமை தலைக்கேறி, றிஹானாவை முந்திக்கொண்டு போனேன். மரங்கள் முடிந்து மொட்டைப் பாறை தொடங்கிய இடத்தில் சும்மா திரும்பிக் கீழே பார்த்தேன். அவ்வளவுதான். பக்கத்துப் பாறையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நாற்பது வயது வரை தென்னைமர உயரத்துக்குக்கூட ஏறிப் பார்க்காத எனக்கு, உயரமென்றால் பயம் என்பது அன்றைக்குத்தான் தெரியும். காலுக்கும் நெஞ்சுக்கும் திட்டம் போட்ட நான் இதை யோசிக்கவேயில்லை. தரையே கதியென்று கிடக்கும் மட்டக்களப்பாருக்குத்தான் இந்தப் பிழை வரும்.

"எனக்கு ஏலாது புள்ள," என்று பாறையில் குந்திவிட்டேன்.

"அப்ப நான் உம்மாட்ட என்னெண்டு சொல்ற?" றிஹானாவின் கண் நிறைந்துவிட்டது. என்மேல் கோபமில்லை அவளுக்கு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சப்பாத்தைக் கழற்றினேன். வாவிக்குள் நடக்கும்போது அடி தெரியாது. பாதத்தால் தடவி, நிலம் பிடிபட்ட பிறகுதான் பாரத்தை வைப்போம். பாறையிலும் அப்படியே தடவி நடந்தேன். கண்ணைக் காலுக்கு அங்கால் விடவில்லை. வாய்விட்டு அழுதுகொண்டுதான் ஏறினேன், அதையும் எழுதிவிடுகிறேன். றிஹானா ஓர் எட்டு முன்னால் நின்று, "இஞ்ச வை, இஞ்ச" என்று கல்லைத் தட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள்.

உச்சியில் பாறையோடு ஒட்டி இருந்துகொண்டு மெல்லத் தலையைத் தூக்கினேன். ஐயோ, என்ன சொல்ல! காடு, காடு, காடு. அதற்கப்பால் மஞ்சளாக வட்டைகள். அதற்கும் அப்பால் ஒரு வெளிச்சக் கோடு. வாவியா கடலா என்று பிடிபடவில்லை. நான் பிறந்து வளர்ந்து சண்டை பிடித்த ஊர்கள் எல்லாம் அந்தக் கோட்டோரம் எங்கோ கிடந்தன. "சுப்ஹானல்லாஹ்," என்றாள் றிஹானா. இவ்வளவு பெரிய இடத்திலா இத்தனை காலமும் இருந்தேன் என்று மயிர்க்கூச்செறிந்தது.

இறக்கம் முழுக்க இருந்தபடியே சறுக்கினேன். காற்சட்டை கிழிந்ததுதான் மிச்சம்.

போகிறவர்களுக்கு: மாரி முடிந்த கையோடு போங்கள், வெயில் ஏறுமுன் உச்சியில் நில்லுங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும், மேலே குடிக்க எதுவுமில்லை. பாதை திறந்திருக்கிறதா என்று கிரானில் விசாரியுங்கள். பொழுதுபடுமுன் காட்டை விட்டு வெளியேறுங்கள். பயிற்சித் திட்டத்தில் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது பாடசாலை மொட்டைமாடியில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துப் பழகுகிறேன். பயம் குறைந்தபாடில்லை.

மலைப் பக்கம் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. கிரானுக்குக் கிட்ட வரும்போதுதான் றிஹானாவின் கைபேசி அடித்தது. உம்மா. ஆட்டோச் சத்தத்தில் கேட்கவென்று ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வசந்தி ஏறினாவா?"

"ஏறினா உம்மா. ஆனா சரியான பயம். அழுதழுதுதான் ஏறினா."

எல்லாம் போச்சு, இந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லவே வராது.

"அவ்வளவு பயத்தோடயும் உன்ன உட்டுட்டுத் திரும்பல்லயா?"

"இல்ல உம்மா."

"அப்ப அவவோட எங்க வேணுமெண்டாலும் போ மகள்."