ராசிபுரம் வழியாக மோகனூர்: மூன்று நாள் வாடகை மோட்டாரில்

யுத்தம் முடிந்து பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதிலிருந்து, ஆபீசில் புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் என்னிடம் வந்து வழி கேட்கிறார்கள். சர்வே ஆபீசில் படம் வரைகிறவன் என்பதால் எல்லா ரோடும் எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கு நினைப்பு. உண்மையில் நான் சொந்தமாக மோட்டார் அமர்த்திப் போன நீண்ட பயணம் ஒன்றே ஒன்றுதான். மேட்டூர் அணை திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது, மாசி மாதத்தில், கல்யாணமான ஒன்பதாம் நாள் என் மனைவி மரகதத்தோடு சேலத்திலிருந்து மோகனூருக்குப் போய்வந்தேன். கேட்கிற எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. ரோடுகள் இன்னும் அதேதான். வாடகை மட்டும் அன்றைய கணக்கு.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். மரகதம் சேலத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். பதினாறு வயதில் ராசிபுரத்தில் ஒரு நெய் வியாபாரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, மூன்று வருஷத்தில் கணவர் காய்ச்சலில் இறந்துபோய், பிறந்த வீடு திரும்பிப் படித்து வேலைக்கு வந்தவள். எங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டாரும் வரவில்லை, அவள் வீட்டாரும் வரவில்லை. நாலு சிநேகிதர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டோம். விருந்துக்கு அழைக்க உறவு இல்லை, ஆனால் இரண்டு வார லீவு இருந்தது. வெள்ளைக்காரர்கள் தேனிலவு என்று தனியே கிளம்புவார்களே, அதுபோல எங்கேயாவது போய்வாருங்கள் என்று ஒரு சிநேகிதர் சொன்னார்.

அவர் சொன்ன இடம் ஏற்காடு. கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலை ஏறத் தொடங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் மேலே போய்விடலாம். ஆனால் அங்கே எங்களைப் போன்றவர்கள் தங்க நல்ல இடம் அப்போது கிடையாது. மரகதம்தான் மோகனூர் என்றாள். காவிரியை அவள் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு ஷெட்டில் வாடகைக்கு மோட்டார் விட்டார்கள். இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று கண்ணாடி ஏற்றி இறக்குகிற மூடின வண்டி, உள்ளே பச்சைத் திரை போட்டது, மைலுக்கு நாலரை அணா. இன்னொன்று துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடுகிற திறந்த வண்டி, மைலுக்கு மூன்று அணா. டிரைவருக்கு இரண்டிலும் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் படி. நான் மூடின வண்டியைக் கேட்டேன். புழுதி வராது, வெயில் படாது என்று காரணம் சொன்னேன். மரகதம் இரண்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். திறந்த வண்டியிலிருந்து இறங்காமலே, இதுவே போதும் என்று சொல்லிவிட்டாள். பணத்தை மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது வழி. சேலத்திலிருந்து நாமக்கல் போக நேர்வழி ராசிபுரம் வழியாகப் போவது, முப்பத்திரண்டு மைல். இன்னொன்று ஆட்டையாம்பட்டி, திருச்செங்கோடு என்று மேற்கே சுற்றிப் போவது, ஐம்பது மைல். நாமக்கல்லிலிருந்து மோகனூருக்கு எப்படியும் பதினோரு மைல். நான் சுற்றுவழியைக் காகிதத்தில் அழகாக வரைந்து காட்டினேன். புதுத் தம்பதிகள் முதலில் திருச்செங்கோட்டு மலையில் கும்பிட்டுவிட்டுப் போவது விசேஷம் என்றும் சொன்னேன். நான் சாமி விஷயத்தில் அவ்வளவு அக்கறை உள்ளவன் அல்ல. அது அவளுக்கும் தெரியும். படத்தைப் பார்த்து, நன்றாக வரைந்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

கிளம்பிய அன்று காலை ஆறு மணிக்கு வண்டி வாசலுக்கு வந்தது. டிரைவர் பழனியப்பன் திருச்செங்கோட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். எந்த வழி என்று அவர் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் மரகதம், "ராசிபுரம் வழியா போங்க" என்றாள்.

பழனியப்பன் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

"அவங்களுக்கு ரெண்டு லெட்டர் போட்டேன். கல்யாணத்துக்கு முன்னால ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. பதில் இல்லை. நேர்ல போய்ச் சொல்லிட்டுப் போறேன்," என்றாள். அவங்க என்றது அவளுடைய முதல் மாமியாரை. பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "அந்த ஊரைச் சுத்திப் போறதுக்கு நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டாள்.

வண்டி கிளம்பியது. மல்லூர் வரைக்கும் ரோடு நல்ல ரோடு. அதற்குப் பிறகு ஜல்லி பெயர்ந்து கிடந்தது. இன்றைக்கும் அங்கே மெதுவாகத்தான் போகவேண்டும். இரு பக்கமும் புளியமரம், அறுத்துவிட்ட சோளக்காடு, தூரத்தில் கிழக்கே போதமலை. காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. இதையெல்லாம் ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

ஏழேகாலுக்கு ராசிபுரம் கடைவீதியில் அந்த வீட்டு முன்னால் நின்றோம். முன்பக்கம் நெய்க்கடை, பின்பக்கம் வீடு. கடையில் இருந்த இளைஞர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவள் கொழுந்தன். அம்மா இருக்கிறார்களா என்று அவள் வண்டியில் இருந்தபடியே கேட்டாள். அவர் உள்ளே போய்விட்டு வந்து, அம்மா ஊட்டில் இல்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த நேரத்தில் மாடி ஜன்னலில் ஒரு வெள்ளைப் புடவை விலகியதை நானும் பார்த்தேன், மரகதமும் பார்த்தாள். எதிர்க்கடைக்காரர், தண்ணீர்க்குடத்தோடு போன பெண்கள், எல்லோரும் நின்றுவிட்டார்கள். திறந்த வண்டி, ஒளிய இடமில்லை. மரகதம் நிமிர்ந்து உட்கார்ந்தபடி பத்து நிமிஷம் காத்திருந்தாள். பிறகு போகலாம் என்றாள்.

ஊர் தாண்டி அரை மைலில் ஒரு கிணற்றடியில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றப் பழனியப்பன் நிறுத்தினார். அவள் அழவில்லை. நான் ஏதோ ஆறுதலாகப் பேச ஆரம்பித்தபோது, பின்னால் சைக்கிளில் அந்தக் கொழுந்தன் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

"அண்ணி, அம்மா உங்களைக் கூட்டியாரச் சொன்னாங்க. மோட்டார் வேண்டாமுங்க. காட்டு வழியா, கொல்லைப்புறமா வரச் சொன்னாங்க."

எனக்குக் கோபம் வந்தது. முன்வாசலில் வந்து நின்றவளை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, பின்வாசல் வழியாகக் கூப்பிடுவது என்ன மரியாதை என்று அவரிடமே கேட்டேன். போகவேண்டாம் என்று மரகதத்திடம் சொன்னேன். கல்யாணமான பிறகு நான் அவளுக்குச் சொன்ன முதல் "வேண்டாம்" அதுதான்.

அவள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவங்களால திறக்க முடிஞ்சது அந்தக் கதவுதான்," என்றாள். "நான் போயிட்டு வாரேன். நீங்க வரவேண்டாம்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போக, வரப்பின்மேல் அவள் பின்னால் போனாள். கடிகாரத்தில் ஏழு நாற்பது.

இரண்டு மணி நேரம் அந்தக் கிணற்றடியில் இருந்தேன். பழனியப்பன் டயர்களைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், என்னைப் பேச வைக்கப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நான் என்னென்னவோ யோசித்தேன். உள்ளே இறந்தவரின் படம் மாட்டியிருக்கும். அதன் முன்னால் அவள் நிற்பாள். திரும்பி வரும்போது என்னைப் பார்க்கிற பார்வை மாறியிருக்குமோ? இப்படி நினைத்துக்கொண்டே போனபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவள் மனம் நோகக்கூடாது என்றுதான் மூடின வண்டியும் சுற்றுவழியும் பார்த்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது உண்மையல்ல. அந்த ஊரைப் பார்க்கப் பயந்தவன் நான். அவள் வாழ்ந்த அந்த மூன்று வருஷமும் எனக்கு வேண்டாததாக இருந்தது.

பழனியப்பன் கடைசியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லலாமுங்களா? அம்மா போகலைன்னா மோகனூர் வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் அதையேதான் நெனச்சுக்கிட்டு வருவீங்க. இப்பப் போயிட்டாங்க. நல்லதோ கெட்டதோ, முடிஞ்சிருமுங்க" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, மூன்று நாளும்.

ஒன்பதே முக்காலுக்கு அவள் தனியாக வரப்பில் வருவது தெரிந்தது. கண் சிவந்திருந்தது. ஆனால் நடை லேசாக இருந்தது. "போலாமா?" என்று அவளே கேட்டு ஏறி உட்கார்ந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பதினொரு மணிக்கு நாமக்கல்.

நாமக்கல்லில் பயணிகள் பங்களாவில் தங்கினோம். தாலுகா ஆபீசுக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளவேண்டும். நேரில் போய் நின்றால் இடம் கிடைப்பது கஷ்டம். மத்தியான வெயிலில் ஊர் நடுவிலுள்ள பாறைக்கோட்டை அடுப்பாகக் காயும், ஆகவே நாலரை மணிக்குமேல் ஏறுங்கள். இருபது நிமிஷம் போதும். மேலிருந்து பார்த்தால் கீழே கமலாலயக் குளமும், கூரையில்லாமல் வெட்டவெளியில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரும், கிழக்கே கொல்லிமலையும் ஒரே பார்வையில் தெரியும்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்பி ஏழு மணி தாண்டி மோகனூர் சேர்ந்தோம். ஒன்றைச் சொல்லவேண்டும்: மாசியில் காவிரியில் பெருவெள்ளம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேட்டூரில் அடைத்துவிடுவதால் ஆறு மெலிந்துபோய், அகலமான மணலும் நடுவில் இடுப்பளவு தண்ணீருமாக இருக்கும். மரகதத்துக்கு அதுவே பெரிதாக இருந்தது. பரிசல்காரரிடம் இரண்டணா கொடுத்து அக்கரை போய்வந்தோம். பிறகு ஆற்றங்கரைக் கோயிலுக்குக் கீழே தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மரகதம் அனுப்பிய இரண்டு கடிதத்தையும் பிரிக்காமலே அரிசிப்பானைக்குள் வைத்திருந்தாராம். மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல மனமில்லை. என்ன எழுதியிருக்கிறதோ, அவன் வாயால் அதைக் கேட்கவேண்டாம் என்று இருந்துவிட்டார். மரகதம் போனதும் கதவைச் சாத்திவிட்டு இரண்டையும் எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"நான் எழுதினதை நானே வாசிச்சேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதுன்னுதான் எழுதினேன். கடைசியில முகத்துக்கு நேராவே சொல்லவேண்டியதாப் போச்சு," என்றாள்.

முதல் கடிதத்தை வாசிக்கும்போது இரண்டு பேரும் அழுதார்களாம். இரண்டாவதை அந்த அம்மாள் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாராம். அதில் என்னைப் பற்றி எழுதியிருந்தது. என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அது உங்களுக்குப் போட்ட லெட்டர் இல்லையே என்றாள். பிறகு சாப்பாடு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது ஒன்று கேட்டுக்கொண்டாராம்: வீட்டில் ஒரு பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது முடிகிறவரைக்கும் இந்த வழியாக வரவேண்டாம், சாமி.

"உனக்கு வருத்தமா இல்லையா?" என்றேன்.

"இருக்கு. ஆனா போகாம இருந்தா அவங்க எனக்குப் பதில் போடலைன்னே நெனச்சிருப்பேன்."

ஆகவே மூன்றாம் நாள் திரும்பியது நான் வரைந்த சுற்றுவழியில். மோகனூரிலிருந்து நாமக்கல் அதே பதினோரு மைல், நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு இருபத்திரண்டு மைல், அங்கிருந்து சேலம் இருபத்தெட்டு. மலைமேல் ஏறி இறங்க மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், படிகள் அதிகம். ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்காமல் வந்தால் வருத்தப்படுவீர்கள். மாலை ஐந்தரைக்கு வீடு. மொத்தம் நூற்று நாலு மைல், வாடகை பத்தொன்பதரை ரூபாய், டிரைவர் படி மூன்று ரூபாய்.

அந்தப் பெண்ணின் கல்யாணம் அடுத்த வருஷம் நடந்தது. எங்களுக்கு அழைப்பு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை மரகதம் பஸ்ஸில் ராசிபுரம் போய்வருவாள். முதல் இரண்டு வருஷம் தனியாகப் போனாள். மூன்றாவது வருஷம் நானும் வரலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்த அம்மாள் என்னிடம் அதிகம் பேசியதில்லை. இலையில் நெய் ஊற்றும்போது போதும் என்றால் மட்டும் காதில் வாங்கமாட்டார். போன ஐப்பசியில் காலமானார். அவர் இருந்தவரை இதை யாருக்கும் சொன்னதில்லை; இப்போது மரகதத்தைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போகிறவர்களுக்கு இனி சில வார்த்தை. மாசி, பங்குனியில் போனால் திறந்த வண்டியே நல்லது. புழுதிக்கு ஒரு துண்டு போதும். கிளம்புமுன் மாற்றுச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று நீங்களே அழுத்திப் பாருங்கள். குடிக்கத் தண்ணீர் தனி, எஞ்சினுக்குத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். வழியை மட்டும் என்னைப் போல் தனியே உட்கார்ந்து தீர்மானித்துவிடாதீர்கள். கூட வருகிறவளிடம் எந்த ஊரில் நிற்கவேண்டும் என்று கேளுங்கள். அவள் சொல்கிற ஊர் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அங்கேயும் வண்டியை நிறுத்துங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருங்கள்.