டில்லி சரக்கு

பக்கத்து வீட்டுக்காரர் நேற்று டீக்கடையில் புதுச்சேரியையும் ஒரு மாநிலம் என்றார். அங்கேதான் முதலமைச்சர் இருக்கிறாரே, சட்டசபை இருக்கிறதே என்று வேறு கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மாநிலங்கள் இருபத்தெட்டு, யூனியன் பிரதேசங்கள் எட்டு. அந்த எட்டில் சட்டசபை உள்ளவை மூன்று. மாநிலத்துக்கு அதிகாரத்தை அரசியல் சட்டமே பிரித்துக் கொடுத்திருக்கிறது. பிரதேசத்துக்கு டில்லி கொடுத்தால் உண்டு. அதன் சட்டசபையே டில்லி போட்ட சட்டத்தால் வந்ததுதான். இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் டீ ஆறிவிட்டது. "இன்னா பெரிசு, இதுக்குப் போயி இவ்ளோ சூடாவற?" என்றார் அவர். ஆவேன். இந்த வித்தியாசம் தெரியாத ஒருவரால் என் அப்பா லாக்கப்பில் கிடந்தார்.

அப்போது எனக்குப் பத்து வயது. திருவொற்றியூரில் காலடிப்பேட்டையில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மாவின் அண்ணனுக்குப் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால். அவர் மகனுக்கு என் அக்காவைப் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் தட்டு மாற்றுவதற்கு முதல் நாளே மாமா மட்டும் வந்து இறங்கினார். கையில் ஒரு பழக்கூடை, ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் நான்கு பாட்டில் பிராந்தி.

மெட்ராஸில் அன்று மதுவிலக்கு. பாட்டிலை வைத்திருந்தாலே கேஸ். காரைக்காலில் பகலிலேயே கடையில் போய் வாங்கலாம். நிச்சயத்துக்கு வந்த ஆண்களுக்கு ஒரு மிடறாவது ஊற்றாவிட்டால் சம்பந்திக்கு மரியாதை இல்லை என்பது மாமாவின் எண்ணம். அம்மா பயந்துபோய் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கச் சொன்னாள். மாமா சிரித்தார். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. மெட்ராஸுக்கு மேலே டில்லி. காரைக்காலை ஆள்வது நேராக டில்லி. ஆகவே காரைக்கால்காரன் மெட்ராஸ்காரனுக்கு ஒரு படி மேல்.

"ஒங்க சட்டம் ஒங்களுக்கு, தங்கச்சி. நாங்கல்லாம் டில்லிக்குக் கட்டுப்பட்டவங்க."

கட்டுப்பட்டவன் எப்படி மேலே போவான் என்று யாரும் கேட்கவில்லை. மத்திய அரசுதான் பெரியது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்த நானும் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தேன்.

மாமா பாட்டில்களைத் தெருப்பக்கத்து ஜன்னலில் வரிசையாக வைத்தார். ஏட்டு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். போகிறவரைப் போகவிட்டிருக்கலாம். மாமா கூப்பிட்டார்.

"ஏட்டய்யா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க. டில்லி சரக்கு. நம்ம வீட்டுல விசேஷம்."

ஏட்டு நிதானமாக ஸ்டாண்டு போட்டார். பாட்டில்களை எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன்.

"டில்லி எங்க கீது, திருவொத்தியூர் எங்க கீது? இது யாருது?"

சட்டம் ஆள் கூடவே ரயிலேறி வராது என்பது மாமாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்து அந்த நேரம் பார்த்துப் படியேறிய அப்பா, பாட்டில்களைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"என்னுதுதான் ஏட்டய்யா."

நான் "இல்ல" என்று ஆரம்பித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். ஏட்டுக்கும் தெரியும். "குடிக்கிற மூஞ்சியா நைனா உனுக்கு?" என்றார். அப்பா தெருவில் இறங்கி ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

மறுநாள் பெண்ணின் அப்பா உட்கார வேண்டிய இடத்தில் சித்தப்பா உட்கார்ந்து தட்டை மாற்றினார். மாமா சந்தனம் பூசிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். பந்தி நடக்கும்போது அப்பா வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. மாமா இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இதே காரைக்காலா இருந்தா, மாப்ள, அந்த ஏட்டு எனக்கு சல்யூட்டு அடிச்சிருப்பான்."

பந்தியில் இரண்டு பேர் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றும் சொல்வேன். நான் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டை தூக்குகிற கை. ஒரே ஒரு அறை போதும். அப்பா அந்தக் கையைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவிடம் சொன்னார்:

"உங்கண்ணன் எலை காஞ்சிகினு கீது பாரு. ரசம் ஊத்து."

மாமா மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. எத்தனையோ நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ரசம் ஊற்றச் சொன்னபோது அவர் கண், சமையற்கட்டு வாசலில் பட்டுப்புடவையோடு நின்றுகொண்டிருந்த அக்காவின் மேல் இருந்தது. அடுத்த மாதம் அவள் போய் வாழப்போவது தன் சொல் செல்லாத பிரதேசம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்து வரைபடம்தான்.