நாலு பக்கம் அளந்த கழனி

கல்லூரியில் நான் தோராயச் சூத்திரங்கள் நடத்துகிறேன். சரியான விடைக்குப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போடவேண்டிய இடத்தில், ஒரே வரியில் முடித்துக்கொடுக்கிற சூத்திரங்கள். "எவ்வளவு தப்பும்னு கேக்கறதுக்கு முன்னாடி, எந்தப் பக்கம் தப்பும்னு, கூட்டிச் சொல்லுமா குறைச்சுச் சொல்லுமான்னு கேளுங்க" என்று வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துவேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அப்பா போன பிறகு, கச்சிராயபாளையத்துக் கழனியை அக்காவும் நானும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். பத்திரத்தில் இருந்தது வாய்க்கால் வெட்டுவதற்கு முந்தைய அளவு; அதை நம்ப முடியாது. "வூட்லயே கணக்கு வாத்தியாரு கீறாரு, சர்வேயரு எதுக்கு?" என்றார் பெரியப்பா. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. டேப்போடு இறங்கிவிட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அளப்பதுபோல, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, வந்த இரண்டையும் பெருக்கினேன். என் துண்டு நாலு மூலையும் செங்கோணமாக, மூலைமட்டமாக நின்றது. அக்காவுடையது வாய்க்காலோடு சாய்ந்து போனது. இரண்டுமே நீளம் நூற்று அறுபத்தைந்து அடி, அகலம் நூற்று முப்பத்திரண்டு. ஆளுக்கு ஐம்பது சென்ட். ஒரு சென்ட்கூட இப்படி அப்படி இல்லை என்று எல்லோர் முன்னாலும் மார்தட்டினேன்.

மூன்று வருஷம் போனது. போன மாதம் அதே சூத்திரத்தை வகுப்பில் பெருமையாக எழுதிப்போட்டேன். வெள்ளிமலையிலிருந்து வந்து படிக்கிற ஒரு பெண் எழுந்தாள்.

"இது எந்தப் பக்கம் தப்பும் சார்? மலையில எங்க கொல்லி, அதான் எங்க நெலம், ஒண்ணுகூட மூலமட்டமா இருக்காதே."

பலகையில் கட்டத்தைச் சாய்த்து வரைந்து பார்த்தேன். கயிற்றுக் கட்டிலை ஒரு பக்கமாகக் கோணலாக்கினால் நாலு சட்டமும் அதே நீளம்தான். படுக்கிற இடம்தான் குறையும். இந்தச் சூத்திரம் ஒருநாளும் குறைத்துச் சொல்லாது. மூலை சாயச் சாய, இருப்பதைவிடக் கூட்டித்தான் சொல்லும். அடப்பாவி, அக்காவுக்கு இல்லாத நிலத்தையல்லவா பிரித்துக் கொடுத்திருக்கிறேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் பிடித்துப் போனேன். இந்த முறை குறுக்கே, மூலைக்கு மூலையும் அளந்தேன். அக்காவுடையது நாற்பத்தைந்து சென்ட்தான். போய்ச் சொன்னேன். அவள் களை பறிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்டா. மொத நடவுலயே தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு நாத்துதான் பறிச்சோம். உன் கயினிக்கு சரியா போச்சு. எனக்கு மீந்துகினே இருந்துச்சு."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாக்கா?"

"நாலு பேரு எதிர்ல அளந்த. காலேஜி வாத்தியாரு. நான் வாயத் தொறந்தா உன் பேரு இன்னாத்துக்கு ஆவும்?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கடப்பாரையை எடுத்துவந்து, எங்கள் இருவருக்கும் நடுவே நின்ற எல்லைக்கல் இரண்டையும் பிடுங்கினேன். குறைவை ஆளுக்குப் பாதியாக்கினால் ஆறரை அடி வந்தது. அவ்வளவும் என் பக்கம் தள்ளி நட்டேன். "விடுடா, விடுடா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கல்லைச் சுற்றி மண்ணை மிதித்தபடி கேட்டேன், இத்தனை நடவிலும் மீந்த நாற்றை என்னதான் செய்தாய் என்று.

"தூக்கியா போட முடியும்? உன் கயினியில பயிரு செத்துப்போன எடத்துல எல்லாம் நட்டுவுட்டேன்."