ஒடி, நல்லா ஒடி

ஸ்டியரிங்கைத் திருப்பினால் என் பழைய கார் முனக ஆரம்பித்துவிட்டது. தஞ்சாவூரில் வழக்கமாக வண்டியை விடும் பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து, ஒரு சின்ன டப்பாவின் மூடியைக் கழற்றி என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாருங்கம்மா. பவர் ஸ்டியரிங் ஆயில் கருகிடுச்சு. இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் இந்த ஆயிலே கெடையாது, எல்லாம் கரண்ட்டு."

மோந்தேன். நாலு தடவை வடை சுட்ட எண்ணெயும் துருப்பிடித்த இரும்பும் கலந்தது போல ஒரு வாடை. அவர் மேற்கொண்டு என்னவோ சொன்னார். நான் அங்கே இல்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில், மாட்டுக்கு மருந்து ஏற்றும் பெரிய சிரிஞ்சோடு நின்றுகொண்டிருந்தேன்.

சொல்ல மறந்துவிட்டேனே, நான் மாட்டு டாக்டர். வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் அந்த ஊருக்குத்தான் போட்டார்கள். "பொம்பளை டாக்டரா?" என்று மாட்டைத் தவிர எல்லோரும் கேட்டார்கள். ஊர் முனையில் மூன்று கொடிக்கம்பங்கள். இரண்டு, மாறி மாறி ஆண்ட கட்சிகளுடையவை. ஆட்சி மாறும்போதெல்லாம் ஒன்று பெயிண்ட் வாங்கிப் பளபளக்கும், மற்றது துருப்பிடிக்கும். மூன்றாவது விவசாயச் சங்கத்தின் சிவப்புக் கொடி. அது எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆற்றில் தண்ணீர் வராத மாதங்களில் ஊர் தண்ணீருக்காகச் சண்டை போடும். தண்ணீர் வந்துவிட்டால் நிலத்துக்காக.

நிலச் சண்டையில் பெரியது வைத்திலிங்கத்துக்கும் கோவிந்தசாமிக்கும் நடந்ததுதான். வாய்க்காலை ஒட்டிய நிலம் வைத்திலிங்கத்துடையது. அதைக் குத்தகைக்கு உழுதவர் கோவிந்தசாமி. அவர் அப்பாவும் அதையேதான் உழுதார். வைத்திலிங்கம் விற்க வேண்டும் என்றார், கோவிந்தசாமி நிலத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார், கேஸ் கோர்ட்டில் கிடந்தது. நேரில் பேச்சு கிடையாது. டீக்கடையில் எதிர்ப்பட்டால் இருவரும் டீ மாஸ்டரிடம்தான் பேசுவார்கள். "அவரு வாய்தாவுக்கு வர்றாரான்னு கேளுங்க மாஸ்டர்." "வருவேன்னு சொல்லுங்க மாஸ்டர்." மாஸ்டர் பாட்டுக்கு டீயை ஆற்றிக்கொண்டிருப்பார்.

இந்த நேரத்தில்தான் வைத்திலிங்கத்தின் மச்சான் மெட்ராசிலிருந்து ஒரு நீளமான வெள்ளைக் காரை அவர் தலையில் கட்டினார். பவர் ஸ்டியரிங். "ஒத்தை விரல்ல திருப்பலாம் டாக்டரம்மா" என்று காட்டிக்கொண்டே திரிந்தார். ஒரு போகம் அறுப்பதற்குள் அந்த ஒற்றை விரலுக்கு இரண்டு கைகளும் ஒரு தோளும் துணைக்கு வேண்டியிருந்தது. பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும் என்றார்கள். பட்டறைக்காரன் யாரையும் வண்டியைத் தொடவிட மனசில்லாமல் அவரே இறங்கிவிட்டார்.

நான் போனது அவர் பசுவுக்கு மடிவீக்கம் பார்க்க. பையிலிருந்து சிரிஞ்சை எடுத்ததும் அவர் கண் பசுவை விட்டது. "இதைக் கொஞ்சம் குடுங்க டாக்டரம்மா." டப்பாவிலிருந்து காபி டிக்காஷன் நிறத்தில் பழைய ஆயிலை உறிஞ்சி வாளியில் பீய்ச்சினார். வெறும் ஊசி போட வந்தவள் நான். அரை மணியில் டார்ச் பிடிக்கும் உதவியாளராக ஆகியிருந்தேன்.

அப்போதுதான் கேட்டைத் தள்ளிக்கொண்டு கோவிந்தசாமி வந்தார். வயலில் யாரோ புதிதாக அளவுக்கல் நட்டிருக்கிறார்களாம். தெருவே கேட்கக் கத்தினார். "கல்லு நட்டது யாரு? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காமப் போறதில்ல!"

வைத்திலிங்கம் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை. "கேட்டைச் சாத்துய்யா, மாடு ஓடிடும். வந்தது வந்தே, வண்டில ஏறு. நான் ஊத்தணும், ஒருத்தர் திருப்பணும்."

கோவிந்தசாமி கேட்டைத் தாழ்போட்டார். என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். டிராக்டர் ஓட்டும் கை அது, ஸ்டியரிங்கைக் கண்டு சும்மா இருக்குமா? ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முன்சக்கரங்கள் ஜாக்கியில் தொங்க, எஞ்சின் ஓடியது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்புவதை எங்கள் பக்கம் ஒடிப்பது என்போம். வைத்திலிங்கம் எஞ்சின் சத்தத்துக்கு மேல் தொண்டை கிழியக் கத்தினார். "ஒடி! நல்லா ஒடி! கடைசி வரைக்கும் ஒடி, விடாதே!" உள்ளே காற்று புகுந்த பம்பு, வலியில் மனிதன் முனகுவது போலவே முனகியது. நடுவில் அவர் கால் பட்டு ஒரு டின் கவிழ்ந்தது. புது ஆயில் நல்ல சிவப்பு. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினார். அந்தச் சிவப்புத் தண்ணீர் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போனது.

வெளியே என்ன கேட்டது, என்ன தெரிந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது உறைக்கவில்லை. கோஷம் கேட்டபோதுகூட வைத்திலிங்கம், "ஆத்துல தண்ணி தொறக்கச் சொல்லி மறியல் போல" என்றார்.

கேட் பெயர்ந்து விழுந்தது. முதலில் வந்தவர் கோவிந்தசாமியின் மனைவி செல்லம்மாள், தலைவிரி கோலமாய். பின்னால் அரிவாளும் கழியுமாக ஊர். அவர்களுக்கும் பின்னால் போலீஸ். செல்லம்மாள் புருஷனைப் பார்த்தார். முழுசாக, வியர்த்து விறுவிறுத்து, எதிராளி காரில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"கையைக் காலை ஒடிக்கிறாங்கன்னு ஊரே ரோட்டுல உக்காந்திருக்கு. நீ இங்க சவாரியா போற?" என்று அவர் முதுகில் ரெண்டு வைத்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். வைத்திலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. புனல் இன்னும் கையில் இருந்தது.

"நான் ஆளை அடிச்சுக் கொல்லுவேன்னு ஊர் பூரா நம்பிடுச்சே, கோவிந்தசாமி."

கோவிந்தசாமி மெதுவாகத்தான் சொன்னார். "எங்கப்பாவை இந்த முற்றத்துலதான் கட்டிவச்சு அடிச்சாரு உங்கப்பா. பாத்தவங்க இன்னும் இருக்காங்க. நம்பாம என்ன செய்வாங்க?"

எஞ்சினை யாரும் அணைக்கவில்லை. அதுவும் ஆயில் போதாமல் முனகிக்கொண்டே இருந்தது.

இதற்குள் ரோட்டில் இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றுவிட்டன. சங்கத் தலைவருக்கு இன்னொரு கவலை: கூட்டிய மறியலை எதைச் சொல்லிக் கலைப்பது? "ஆயில் மாத்துனாங்க, வீட்டுக்குப் போங்க தோழர்களேன்னா சொல்ல முடியும்?" கொலை என்று கேள்விப்பட்டுத் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கியதும் தலைவர் அவரைப் பிடித்துக்கொண்டார். "வருஷக்கணக்கா கூப்புடுறோம், இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க. நிலத்தைப் பாத்துட்டுப் போங்க."

பார்த்தார்கள். வரப்பில் நின்றுகொண்டு வைத்திலிங்கம் தாசில்தாரிடம் பேசாமல், டீ மாஸ்டரையும் தேடாமல், கோவிந்தசாமியிடமே நேராகச் சொன்னார். "வாய்க்கா பக்கத்துப் பாதி உன் பேருக்கு எழுதிடுறேன். மிச்சத்தை விட்டுடு." கோவிந்தசாமி தலையாட்டினார். செல்லம்மாள், "கல்லைப் புடுங்கச் சொல்லு மொதல்ல" என்றார். புடுங்கினார்கள். கேஸை இருவருமாகச் சேர்ந்துபோய் வாபஸ் வாங்கினார்கள், அந்த வெள்ளைக் காரில்தான். கோவிந்தசாமி ஓட்டினாராம். என் சிரிஞ்சு மட்டும் அதற்குப் பிறகு மாட்டுக்கு ஆகவில்லை.

இப்போது வைத்திலிங்கம் இல்லை. அவர் பாதி நிலம் இறால் குட்டையாகி, அதுவும் நொடித்து, வெறும் உப்புத் தரையாகக் கிடக்கிறது. கொடிக்கம்பங்களைச் சாலை அகலப்படுத்தும்போது எடுத்துவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கோவிந்தசாமி போன மழைக்காலத்தில் இறந்தார். நான் போயிருந்தேன். அவரைக் கொல்கிறார்கள் என்று நினைத்து ரோட்டையே மறித்த ஊரில், பாடை தூக்க நாலு பேர் தேறவில்லை. பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர்கள் வரும்வரை செல்லம்மாளும் நானும் உட்கார்ந்திருந்தோம்.